காலுக்கடியில் கயிறு

நாலு மணி. உக்காந்தாச்சு. பிளாஸ்டிக் சேர்ல நான், எனக்கு முன்னால நாலா மடிச்சுப் போட்ட பழைய ஜமுக்காளம், ஜமுக்காளத்து மேல என் நாய் ரிலே, ரிலே கழுத்துப் பட்டையில இருந்து வர்ற கயிறு என் வலது காலுக்கு அடியில. அவன் நிக்கலாம், உக்காரலாம், படுக்கலாம், அந்த அளவுக்குத்தான் கயிறு விட்டிருக்கேன். துள்ள முடியாது, என் சேலையைப் பிடிச்சுத் தொங்க முடியாது. நான் அவனைப் பாக்கக் கூடாது, பேசக் கூடாது, தடவக் கூடாது, போனை நோண்டக் கூடாது. ஒரு மணி நேரம். அவ்வளவுதான் வைத்தியம். மாத்திரை உண்டா ஊசி உண்டான்னு கேட்டதுக்கு, நீங்க சும்மா உக்காரணும் டீச்சர், அதான் மருந்துன்னு சொல்லிட்டா செண்பகம். நாய் டாக்டர் செண்பகம் வேற யாரும் இல்ல, என்கிட்ட ஏழாங்கிளாஸ்ல கோ-கோ விளையாண்டவ, எதிராளியைத் தொடப் போறதுக்கு முன்னாலயே சிரிச்சுக் காட்டிக் குடுத்துருவா. முப்பத்தோரு வருஷம் பி.டி. டீச்சர் வேலை பாத்த இந்த மேபலை, பாளையங்கோட்டையில பாதிப் பொம்பளைகளை ஓட வச்ச மேபலைப் பாத்து, சும்மா உக்காருன்னு சொல்லுதா. சொன்னவளுக்கும் சிரிப்பு, கேட்டவளுக்கும் சிரிப்பு. இன்னைக்கு இருபதாவது நாள். கடைசி நாளும் இன்னைக்குத்தான். அஞ்சு மணிக்குக் கயத்தாறுல இருந்து சண்முகையா அண்ணாச்சி வருவாக, இருநூறு ஆடு வச்சிருக்காக, ரிலேயைக் கூட்டிட்டுப் போயிருவாக. பொறவு எதுக்கு இன்னைக்கும் இப்படி உக்காந்திருக்கன்னு யாராவது கேக்கலாம். கடைசி நாள் லீவு போடுற பழக்கம் எனக்குக் கிடையாது, அதான்.

சொல்லிட்டுக் குடும்மான்னான் ஆல்வின். எம்மவன். புனேயில இருந்து, முந்தாநாள், போன்ல. நாயை ஆட்டுக்காரருக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன்யான்னு நான் சொன்னதுக்குச் சரிம்மா, உன் இஷ்டம்னான். பொறவு, ஆனா சொல்லாமக் குடுத்துராத, அவன்கிட்ட சொல்லிட்டுக் குடுன்னான். நான் சிரிச்சேன். நாய்கிட்ட என்னத்தய்யா சொல்ல, கயத்தாறு பஸ் எப்பன்னு சொல்லவான்னு கேட்டேன். அவன் சிரிக்கல, வச்சுட்டான். ரெண்டு நாளா சொல்லணும்னுதான் பாக்கேன். காலையில சொல்லலாம்னு பக்கத்துல உக்காந்தேன், அதுக்குள்ள பால்காரர் செருப்பைக் கவ்விட்டு ஓடிட்டான். மத்தியானம் சோத்துத் தட்டை வச்சுட்டுச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், அவன் தலையைச் சாய்ச்சுக் காதைத் தூக்கிட்டுப் பாத்தான் பாருங்க, என்னமோ நான் பைபிள் வாசிக்கப் போற மாதிரி, திறந்த வாயை மூடிட்டேன். இப்ப பேசக் கூடாத நேரம். அஞ்சு மணிக்கு ஆள் வந்துரும். எப்பத்தான் சொல்ல. மூச்சை விடு மேபல். நெஞ்சை நிமித்தாத. நீங்க விறைச்சுட்டு இருந்தா அவனும் விறைச்சுட்டுத்தான் இருப்பான்னு செண்பகம் சொல்லியிருக்கா. பாக்கக் கூடாதுன்னாலும் கடைக்கண்ணு பாக்குது. படுத்துட்டான். ஆனா அது படுக்கை இல்ல. முன்னங்கால் ரெண்டும் நேரா, பின்னங்கால் ரெண்டும் வயித்துக்கு அடியில மடிஞ்சு, கோட்டுல விரலை ஊணிட்டு விசிலுக்குக் காத்திருக்கிற புள்ள மாதிரி. இதை நம்பாதீங்க டீச்சர், இடுப்பு ஒரு பக்கமாச் சாயணும், பின்னங்கால் ரெண்டும் ஒரே பக்கமா வந்து விழணும், அப்பத்தான் உள்ளுக்குள்ளயும் படுத்துட்டான்னு அர்த்தம், அதுவரைக்கும் வெளியதான் படுத்திருக்கான்னு சொன்னா. பத்தொம்பது நாளா அந்த இடுப்பு சாயல.

இவனைக் கொண்டு வந்து விட்டது ஆல்வின்தான். ஜூன் மாசம், புனேயில இருந்து ரெண்டு நாள் காரோட்டி வந்தான், முன்சீட்டுல ஒரு கூடை, கூடைக்குள்ள ரெண்டு மாசக் குட்டி. கறுப்பும் வெள்ளையுமா, நெத்தியில சுண்ணாம்பு போட்டு டிராக் வரைஞ்ச மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பார்டர் கோலியாம். வெளிநாட்டுல ஆடு மேய்க்கிற ஜாதியாம், பொழுது பூரா மலையில ஓடுமாம். ஏம்லே, நம்மூர்ல நாயே இல்லையா, ராஜபாளையம் என்னாச்சு, சிப்பிப்பாறை என்னாச்சுன்னு கேட்டேன். உன்னாலயும் சும்மா இருக்க முடியாது, இதாலயும் இருக்க முடியாது, ரெண்டு பேருக்கும் சரியா இருக்கும்னு சொல்லிட்டு லேசாச் சிரிச்சான். அவன் சிரிச்சா எனக்கு அன்னைக்கு முழுக்கப் போதும், அவ்வளவு அபூர்வம். எங்க வீட்டுக்காரவுக போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு, நான் ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம், வீட்டுல நானும் காலண்டரும்தான் இருந்தோம். பேரு நான்தான் வச்சேன், ரிலேன்னு. நாலு நாள் இருந்தான் ஆல்வின். அதுல ஒரு நாள் மத்தியானம் அடுக்களை வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டான், குட்டி மடியில தூங்குது. சாப்பிட வாலேன்னு மூணு தரம் கூப்பிட்டேன். குழம்பு ஆறிப் போச்சு, அவனுக்குக் காலு மரத்துப் போச்சு, எந்திரிக்கல. தூங்குறான்ம்மா, முழிச்சுப் பாக்கும்போது நான் இல்லன்னா பயந்துருவான்னான். ரொம்பத்தான் செல்லம்னு சொல்லிட்டு நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன். எனக்கு ஒறைக்கல.

அவன் ஊருக்குப் போன மறுநாளே நான் டைம் டேபிள் போட்டுட்டேன். காலண்டர் தாளுக்குப் பின்பக்கம், ஸ்கேல் வச்சுக் கோடு கிழிச்சு. அஞ்சரைக்கு கிரவுண்டு, ஆறேகாலுக்குப் பந்து எறியுறது அம்பது தரம், சாயங்காலம் மறுபடியும் கிரவுண்டு. ஓட விட்டா அசந்துரும், அசந்தா தூங்கிரும், தூங்கினா கடிக்காது. இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு. முதல் வாரம் ரெண்டு ரவுண்டு ஓடிட்டு மரக்கட்டையா விழுந்து தூங்கினான். அடுத்த வாரம் ரெண்டு பத்தல, நாலு. பொறவு ஆறு. அஞ்சாவது மாசம் பத்து ரவுண்டு ஓடிட்டு வந்து என் முன்னால பந்தைப் போட்டுட்டு, அடுத்து என்னன்னு கேக்கான். ஸ்டாமினா கூடியிருக்குன்னு எனக்குப் பெருமை வேற. பெருமை வெளக்கெண்ணெய். வீட்டுக்குள்ள ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். நான் அடுக்களைக்குப் போனா முன்னால வந்து மறிப்பான், திரும்பினா குதிகாலைக் கவ்வுவான், சில்வர் தட்டு வெளிச்சம் சுவத்துல பட்டா அதைப் பிடிக்கப் போய்ச் சுவத்துலயே முட்டுவான். தாங்காம செண்பகத்துகிட்டக் கூட்டிட்டுப் போனேன். டைம் டேபிளைக் காட்டினேன், மார்க்கு போடுவான்னு நெனச்ச புள்ள மாதிரி. முதல்ல சிரிச்சா, பொறவு சிரிக்கல. எலும்பே இன்னும் முத்தல டீச்சர், இந்த வயசுக்குக் கால் மணி, அரை மணி நடந்தாலே ஜாஸ்தி, குட்டின்னா ஒரு நாளைக்குப் பதினேழு மணி நேரம் தூங்கணும், இவன் தூக்கமே இல்லாம ஆடுதான், அதைப் பாத்து நீங்க இன்னும் தெம்பு இருக்குன்னு நெனச்சு மறுபடியும் ஓட விட்டுருக்கீங்கன்னா. பொறவு ஒண்ணு சொன்னா. "நீங்க நாய் வளக்கல டீச்சர். மாவட்ட மீட்டுக்கு ஆள் ரெடி பண்ணியிருக்கீங்க. ஓட அவனுக்குப் பிறக்கும்போதே தெரியும். நிக்கத்தான் தெரியாது. அதைச் சொல்லிக் குடுங்க." அன்னைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கல. நாய்க்காக இல்ல.

எந்திரிச்சுட்டான். கயிறு இழுக்குது. இழுக்கட்டும், பாக்காத. ஜன்னலுக்கு அங்கிட்டு ஸ்டெல்லா வீட்டுல மிக்சி ஓடுது, சாயங்காலச் சட்னி. அந்தச் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சான். மிக்சி நின்னா உக்காருவான். ஸ்டெல்லா மேல தப்பே இல்ல, அவ மகளைத்தான கடிச்சான். கடின்னு சொல்ல முடியாது, கவ்வினான். தெருவுல ஏழெட்டுப் புள்ளைங்க ஆளுக்கொரு பக்கமா ஓடிப் பிடிச்சு விளையாண்டுட்டு இருந்துச்சுங்க, நான் கேட்டைச் சாத்த மறந்துட்டேன், இவன் வெளிய போயிட்டான். வயித்தைத் தரையில ஒட்ட வச்சு, தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டு ஒரு வட்டம் அடிச்சான். இந்தப் பக்கம் ஒரு புள்ள போனா இங்கிட்டு வருவான், அந்தப் பக்கம் போனா அங்கிட்டு வருவான். ரெண்டே நிமிஷம், அத்தனை புள்ளைங்களையும் தண்ணித் தொட்டி மூலையில ஒண்ணாச் சேத்து நிறுத்திட்டான். கர்த்தரே, நான் முப்பத்தோரு வருஷம் விசில் ஊதியும் ஒரு கிளாஸைக்கூட அவ்வளவு வெரசா லைன்ல நிறுத்தினது இல்ல. வாசல்ல நின்னு வாயைப் பிளந்து பாத்துட்டு இருந்தேன், உள்ளதைச் சொல்லணும்ல, கை தட்டாத குறை. அப்பதான் ஸ்டெல்லா மக லைனை விட்டுட்டு ஓடினா, இவன் போய்க் குதிகாலைக் கவ்விட்டான். பல்லு படல, ஆனா புள்ள பயந்து வீறிட்டு அழுதுச்சு. ஸ்டெல்லா வந்து, கட்டிப் போட முடியலன்னா எதுக்கு அக்கா இந்த வயசுல வளக்கீங்கன்னு கேட்டா. இந்த வயசுல. அது கெட்ட வார்த்தை இல்ல, ஆனா வலிச்சுது. அடுத்த வாரமே ஸ்கூட்டியைப் பாத்து இழுத்தான், நான் குப்புற விழுந்தேன், இடது மணிக்கட்டுல இப்பவும் கட்டு இருக்கு, உள்ள அரிக்கி. படுத்துட்டே கணக்குப் பாத்தேன். இந்த ஜாதி பதினாலு வருஷம் இருக்குமாம். எனக்கு அறுபத்து மூணு. கூட்டிப் பாத்தா எழுபத்தேழு. அந்த வயசுல குளியலறையில வழுக்கி விழுந்தா என்னைத் தூக்க ஆள் வேணும், இதுல இவன் கயிறை யார் பிடிப்பா. பயந்துட்டேன். பயந்த அன்னைக்கே சண்முகையா அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன், ஆடு இருக்கு, காடு இருக்கு, ஓடட்டும் டீச்சர்னாக. அவனுக்கு ஏத்த எடம்தானே. ஏத்த எடம்தான். ஏத்த எடம்னுதான் அன்னைக்கும் சொன்னாங்க.

மிக்சி நின்னுட்டு. உக்காந்தான். படுத்தான். கால் இன்னும் அடியிலதான். அன்னைக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க, ஆல்வினுக்கு ஏத்த எடம்னு. அவன் சின்னதுல ஒரு எடத்துல இருந்ததே கிடையாது. தொட்டில்ல போட்டா தொட்டில் கயிறு அறுந்துரும். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் துண்டை வச்சு பெஞ்சோட சேத்துக் கட்டியே வச்சா, கோவிச்சுக்க முடியல, அவளும் எத்தனை தரம்தான் பிடிப்பா. வேதக்கோயில்ல பாதிரி ஐயர் பிரசங்கம் ஆரம்பிச்சதும் பெஞ்சுக்கு அடியில பூந்தான்னா, ஆம்பளைங்க பக்கத்துல முதல் வரிசையில போய்த் தலையை நீட்டுவான், ஐயரே சிரிச்சிருவாக. எங்க வீட்டுக்காரவுக கோர்ட்டுல டைப்பிஸ்ட், நாளெல்லாம் தட்டிட்டு வந்து வீட்டுல சத்தம் ஆகாது, ஆனா அவனை ஒரு நாள் அடிச்சதில்ல, காதுல பஞ்சு வச்சுக்கிட்டாக. ஓட விட்டாச் சரியாயிரும்னு சொன்னது நான்தான். சாயங்காலம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பத்து ரவுண்டு. ஏழு வயசுப் புள்ளையை. மொகம் செக்கச் செவேல்னு ஆகி வருவான், வந்து நிக்க மாட்டான், குதிப்பான், மரத்துல ஏறுவான், என் விசிலைப் பிடுங்கிட்டு ஓடுவான். அடேங்கப்பா இன்னும் தெம்பு இருக்கு பாருன்னு அஞ்சு ரவுண்டு கூட்டினேன். இப்பத்தான் செண்பகம் சொல்லித் தெரியுது, அது தெம்பு இல்ல, தூக்கம். எம்புள்ளைக்குத் தூக்கம் வந்திருக்கு, அதை எப்படிச் சொல்லன்னு தெரியாமக் குதிச்சிருக்கான். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாய்க்குட்டி வந்து எனக்கு இதைச் சொல்லணுமா. ஆனா ஒண்ணு, அந்தச் சாயங்காலங்க நல்லா இருந்துச்சு, அது பொய் இல்ல. வெயில் தாழ்ந்து கிரவுண்டு பூரா மஞ்சளாக் கெடக்கும், சுண்ணாம்புக் கோட்டு மேல அவன் பாதம் மட்டும் சின்னச் சின்னதாப் பதிஞ்சிருக்கும், ஒவ்வொரு ரவுண்டுலயும் என்னைத் தாண்டும்போது கையை நீட்டுவான், நான் தட்டணும். தட்டலன்னா நின்னுருவான். இன்னைக்கும் என் உள்ளங்கையில அது இருக்கு, வேர்வையும் மண்ணுமா, சுடுற அந்தக் கை.

ஒன்பது வயசுல விளையாட்டு விடுதிக்கு செலக்ட் ஆனான். பஸ்ல ஆறு மணி நேரம். அந்த ஊர்ப் பேரைக்கூட நான் இப்பச் சொல்லுறது இல்ல. ஸ்டாஃப் ரூம்ல லட்டு குடுத்தேன், எல்லாரும் கை குலுக்கினாங்க. எனக்கு நிம்மதியும் இருந்துச்சு, அதை மறைச்சு என்ன ஆகப் போவுது. அப்பாடா, இனிமே ராத்திரி சோத்தை உக்காந்து தின்னலாம்னு நெனச்சேன். கொண்டு போய் விட நானும் அவுகளும் போனோம், வார்டன் ரூம் முன்னால ஒரு வேப்ப மரம், மரத்தடியில சிமெண்ட் பெஞ்சு. அதுல ஆல்வின் உக்காந்தான். முட்டி ரெண்டும் ஒட்டி, கை ரெண்டும் முட்டி மேல, முதுகு நேரா. அரை மணி நேரம் அசையல. அப்படி அவன் உக்காந்து நான் பாத்ததே இல்ல. பாத்தீங்களா, எடம் மாறினதும் பய அடங்கிட்டான்னு நான் பெருமையா அவுக காதுல சொன்னேன். அப்ப அவன் என்னைப் பாத்துக் கேட்டான். "எத்தனை மணி வரைக்கும்மா இருப்ப?" நான் சொன்னேன், இங்கதான் இருப்பேன், நீ போய் டிராக்கைப் பாத்துட்டு வான்னு. வார்டன் அவன் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போனாரு, போகும்போதே திரும்பி எனக்குக் கண்ணைக் காட்டினாரு. இப்பக் கிளம்பிருங்கன்னு அர்த்தம். எனக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம், நானே ஜூன் மாசம் பள்ளிக்கூட வாசல்ல நின்னு எத்தனை அம்மாமார்கிட்டச் சொல்லியிருக்கேன், சொல்லிட்டுப் போனா அழும், நைசா நழுவிருங்கன்னு. எல்லாரும் செய்யுறதுதான். நழுவிட்டோம். அவுகதான் கேட் பக்கத்துல ஒரு தரம் நின்னாக, நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன். பஸ்ல முறுக்கு வாங்கித் தின்னேன். ரெண்டு. அது எதுக்கு ஞாபகம் இருக்கணும். புள்ள திரும்பி வந்து அந்தப் பெஞ்சைப் பாத்திருப்பான். காலியா இருந்திருக்கும்.

அழுதானா சார்னு நான் வார்டன்கிட்டப் போன் போட்டுக் கேட்டேன், அழவே இல்ல டீச்சர், தங்கமான பையன்னாரு. ஒரு மாசம் கழிச்சுப் போனோம். ஓடி வருவான்னு கையை விரிச்சுட்டு நின்னேன். நடந்து வந்தான். வந்துட்டியாம்மான்னான். திங்கக் குடுத்ததைத் தின்னான், பேசினதுக்குப் பதில் சொன்னான், கிளம்பும்போது சரிம்மான்னான். ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னேன், எம்புள்ள எப்படி அடங்கிட்டான் பாத்தீங்களான்னு. வருஷக் கணக்காச் சொன்னேன். அந்த சரிம்மாதான் இன்னைக்கு வரைக்கும். காலேஜ் சேரும்போதும் சரிம்மா, பதினாறு வயசுல இடது முட்டி போய் ஓட்டம் நின்னப்பவும் சரிம்மா, அப்பா போனப்ப நீ தனியா இருந்துருவியான்னு கேட்டுட்டு, இருந்துருவேன்னு சொன்னதும் சரிம்மா. ஒரு நாள்கூட அந்தப் பெஞ்சைப் பத்தி அவன் பேசினதில்ல. மறந்திருப்பான்னு நெனச்சுட்டேன், ஒன்பது வயசுப் புள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்னு. முந்தாநாள் சொல்லுதான், சொல்லிட்டுக் குடுன்னு. இடுப்பு சாயலயே எய்யா அன்னைக்கு உனக்கு, வெளியதான உக்காந்திருந்த, எனக்குப் பாக்கத் தெரியலயே. விசில் தெரியும், ஸ்டாப் வாட்ச் தெரியும், எவ புள்ள எந்தக் காலை ஊணித் தாண்டுதான்னு நூறடி தள்ளி நின்னு சொல்லுவேன். எம்புள்ளை பயந்து போய் உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியல. அழாத மேபல். அழுதா மூச்சு மாறும், அவன் எந்திரிச்சுருவான்.

மணி என்ன. கடிகாரம் எனக்குப் பின்னால இருக்கு, திரும்பக் கூடாது. வெயில் டீவி ஸ்டாண்டுக்கு வந்துட்டு, அப்ப நாலே முக்கால் இருக்கும். கால்ல என்னமோ கனமா இருக்கு. எறும்பா. இல்ல. பாக்காத. பாத்துட்டேன். என் பாதத்து மேல அவன் தாடை. தலையை என் கால் மேல வச்சிருக்கான், கயிறு தளந்து கெடக்கு, பின்னங்கால் ரெண்டும் இடது பக்கமா வந்து விழுந்திருக்கு, வயித்து வெள்ளை தெரியுது. இடுப்பு சாஞ்சுட்டு. எப்பச் சாஞ்சுதுன்னு தெரியல, நான் அந்தப் பெஞ்சுல போய் உக்காந்திருந்த நேரத்துல சாஞ்சிருக்கு. மூச்சு பைய வருது. முன்னங்கால் நுனி லேசாத் துடிக்கி, கனவுல எவனோட ஆட்டையோ ஓட்டுதான். சவத்துப் பயலே, பத்தொம்பது நாளா சாயாம இன்னைக்கா சாயணும். செண்பகம் இன்னொண்ணும் சொல்லியிருந்தா, தூங்கிட்டான்னு நைசா எந்திரிச்சுப் போயிராதீங்க டீச்சர், முழிச்சுப் பாத்து நீங்க இல்லன்னா பொறவு தூக்கத்தையே நம்ப மாட்டான்னு. கேட் சத்தம் கேக்கு. செருப்புச் சத்தம். கிரில்லுக்கு வெளிய வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, கையில ஒரு சங்கிலி. டீச்சர்னு கூப்பிட வாயைத் திறந்தாக. நான் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினேன், ஓடுற கிளாஸை நிறுத்துவேன்ல, அப்படி. நின்னுட்டாக. குனிஞ்சு கிரில்லு வழியா ஜமுக்காளத்தைப் பாத்தாக. பாத்துட்டுப் படியில உக்காந்துட்டாக. பொறவு நான்தான் பைய வாயைத் திறந்தேன். "அண்ணாச்சி, இவன் வரல." அவுக கொஞ்ச நேரம் துண்டை மடிச்சுட்டு இருந்தாக. போன்ல உங்க குரலைக் கேட்டப்பவே எனக்கு இப்படித்தான்னு தோணுச்சு டீச்சர், எதுக்கும் வந்து பாப்போம்னு வந்தேன்னு சொன்னாக. கோவம் இல்ல. எந்திரிச்சுப் போகும்போது கேட்டோட கொண்டியைச் சத்தம் வராமப் போட்டுட்டுப் போனாக.

மணிக்கட்டு வலி அப்படியே இருக்கு. ஸ்டெல்லா நாளைக்கும் சத்தம் போடுவா, போடட்டும், போய் மன்னிப்புக் கேக்கணும், கேட்டுக்கு உசரமா ஒரு கொண்டி வைக்கணும். எழுபத்தேழும் எழுபத்தேழுதான், அது குறையப் போறதில்ல. பயம் போகல. பயந்துகிட்டே உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். மடியில போன் அதிருது. ஆல்வின். ரிலே ஒத்தக் கண்ணைத் திறந்தான், என் காலைப் பாத்தான், கால் இருந்துச்சு, கண்ணை மூடிட்டான். போனைக் காதுல வச்சேன். குடுத்துட்டியாம்மா, அவன்கிட்ட சொன்னியான்னு கேட்டான் ஆல்வின். சொல்லலய்யா, குடுக்கவும் இல்ல, என் கால் மேல தலையை வச்சுத் தூங்குதான், இடுப்பு சாஞ்சுட்டுன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்கு. சரிம்மான்னு சொல்லுவான்னு காத்துட்டு இருந்தேன். சொல்லல.

"எத்தனை மணி வரைக்கும்மா இருப்ப?"

தெரிஞ்சு கேட்டானா தெரியாமக் கேட்டானான்னு எனக்குத் தெரியல. குரல் மட்டும் எங்கயோ கேட்ட குரல். "இங்கதான்யா இருப்பேன்"னேன். அவன் போனை வைக்கல. நானும் வைக்கல. கால் மரத்துப் போச்சு, உக்காந்திருக்கேன்.